சர்க்கரை ஆலையில் வெப்பமும் வேலையும்: ஒரே நீராவிக்கு இரண்டு கணக்கு

கரும்பு அரைக்கும் ஆலை தனக்கு வேண்டிய எரிபொருளை மூலப்பொருளோடு சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. சாறு பிழிந்தபின் மிஞ்சும் சக்கை கொதிகலனுக்குப் போகிறது. கொதிகலனில் உண்டாகும் உயரழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி வேலை செய்கிறது. அங்கிருந்து அழுத்தம் குறைந்து வெளிவரும் எக்ஸாஸ்ட் நீராவி, சாற்றைச் சூடாக்கவும் சுண்டவைக்கவும் பயன்படுகிறது. ஒரே நீராவி இப்படி முதலில் வேலையும் பிறகு வெப்பமும் தருவதால், வெப்ப மீட்பையும் வேலை மீட்பையும் சேர்த்து ஆராய்வதற்கு இதைவிடத் தெளிவான தொழிற்சாலை கிடைப்பது கடினம். ஆனால் ஆலைகளில் நடைமுறையில் பேசப்படும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: நூறு டன் கரும்புக்கு எத்தனை டன் நீராவி செலவாகிறது என்ற சதவீதம். அந்த எண்ணைக் குறைப்பதையே இலக்காக வைத்து முதலீடு செய்துவிட்டு, எதிர்பார்த்த மின்சாரம் ஏன் வரவில்லை என்று வியப்பதற்கான காரணம் அந்த அளவுகோலிலேயே இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

இங்கே எடுத்துக்கொண்டது எந்தவொரு குறிப்பிட்ட ஆலையும் அன்று. மணிக்கு 100 டன் கரும்பு அரைக்கும், அதாவது நாளொன்றுக்கு 2400 டன் திறனுள்ள, ஒரு மாதிரி ஆலை. சக்கையின் அளவு, சாற்றின் பிரிக்ஸ் (கரைந்துள்ள திடப்பொருளின் எடைச் சதவீதம்), வெப்பநிலைகள் ஆகியவை இந்திய ஆலைகளில் வழக்கமாகக் காணப்படும் மதிப்புகள். ஆற்றல் மதிப்புகள் நீராவி அட்டவணையிலிருந்து கணக்கிடப்பட்டவை. அழுத்தங்கள் அனைத்தும் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தங்கள்.

பழைய அமைப்பு

மணிக்கு 100 டன் கரும்பிலிருந்து 50 சதவீத ஈரத்துடன் சுமார் 29 டன் சக்கை கிடைக்கும். பிழியும்போது தெளிக்கும் இம்பிபிஷன் நீரையும் சேர்த்து, கலவைச் சாறு ஏறத்தாழ 101 டன். அதை 35 பாகையிலிருந்து 103 பாகை செல்சியஸ் வரை சூடாக்க, நேரடியாக எக்ஸாஸ்ட் நீராவியைப் பயன்படுத்தினால் 12 டன் வேண்டும். தெளிந்த சாற்றை ஆவியாக்கிக்குள் விடுமுன் மீண்டும் சூடாக்க 3 டன். 14.5 பிரிக்ஸ் கொண்ட 102 டன் தெளிந்த சாற்றை 62 பிரிக்ஸ் பாகாகச் சுண்டவைக்க 78 டன் நீர் வெளியேற வேண்டும். நான்கு கலங்கள் கொண்ட ஆவியாக்கி வரிசை, எங்கும் ஆவியைப் பக்கவாட்டில் எடுக்காமல் ஓடினால், அதற்கு 19.5 டன் நீராவி போதும். பாகைச் சர்க்கரையாகப் படிகமாக்கும் வெற்றிடப் பேன்களுக்கு 17 டன். மையவிலக்குகள், காற்றுநீக்கி, கசிவுகள் என்று இதரச் செலவு 3 டன். எல்லாம் கூட்டினால் 54.5 டன்.

இந்த ஆலையின் கொதிகலன் 22 பார், 340 பாகை நீராவியைத் தருகிறது என்று கொள்வோம். அது 2.5 பார் எக்ஸாஸ்ட் அழுத்தம்வரை விரியும்போது, பழைய டர்பைன்களின் 60 சதவீதத் திறனில், ஒவ்வொரு கிலோவும் சுமார் 280 கிலோஜூல் வேலை தரும். டன்னுக்கு 78 யூனிட். ஆகவே 54.5 டன்னிலிருந்து ஏறத்தாழ 4.2 மெகாவாட். டன் கரும்புக்கு 30 யூனிட் என்ற கணக்கில் ஆலையின் சொந்தத் தேவை 3 மெகாவாட். தேவை நிறைவேறுகிறது, கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது, சக்கையிலும் நான்கு டன் மீதமிருக்கிறது. பல்லாண்டுகளாக ஆலைகள் இப்படியே ஓடின; சக்கை குவிந்து தொல்லை தராமல் எரித்துத் தீர்ப்பதே அன்றைய வடிவமைப்பின் குறிக்கோளாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ரில்லியூவின் விதி

வெப்பப் பக்கத்தில் என்ன செய்யலாம் என்பது புதிய அறிவு அன்று. 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து பாரிஸில் படித்த நார்பர்ட் ரில்லியூ, 1843இலும் 1846இலும் பெற்ற காப்புரிமைகளின்வழி, ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே குறைந்த அழுத்தத்திலுள்ள அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கும் முறையை நிலைநாட்டினார். அவர் பெயரால் வழங்கும் விதிகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. வரிசையில் எத்தனை கலங்களோ, ஒரு டன் நீராவி அத்தனை டன் நீரை ஆவியாக்கும் என்பது ஒன்று. ஐந்து கலங்கள் கொண்ட வரிசையில் மூன்றாவது கலத்தின் ஆவியை எடுத்து வேறொரு சூடேற்றிக்குக் கொடுத்தால், அங்கே செலவாகியிருக்கக்கூடிய நீராவியில் ஐந்தில் மூன்று பங்கு மிச்சமாகும் என்பது மற்றது. எவ்வளவு பின்னால் உள்ள கலத்திலிருந்து ஆவியை எடுக்கிறோமோ அவ்வளவு சேமிப்பு. ஆனால் பின்னால் போகப்போக ஆவியின் வெப்பநிலை குறைகிறது. எந்த வேலைக்கு எந்தக் கலத்தின் ஆவி தாங்கும் என்று பொருத்துவதே இதில் உள்ள கலை.

நமது ஆலையில் ஐந்து கலங்களை வைப்போம். எக்ஸாஸ்ட் 127 பாகை. கலங்களின் ஆவிகள் முறையே 115, 106, 95, 80, 55 பாகை அளவில் இருக்கும். சாற்றை 35இலிருந்து 45 பாகைக்கு ஐந்தாம் கலத்தின் ஆவியே கொண்டுபோகும். 45இலிருந்து 68 வரை நான்காம் கலம், 68இலிருந்து 85 வரை மூன்றாம் கலம், 85இலிருந்து 103 வரை இரண்டாம் கலம். தெளிந்த சாற்றுக்கு முதல் கலத்தின் ஆவி. பேன்கள் முழுவதும் இரண்டாம் கலத்தின் ஆவியில் ஓடும். இப்படிப் பகிர்ந்தால் முதல் கலத்துக்குத் தேவைப்படும் எக்ஸாஸ்ட் 32 டன்தான். அந்த 32 டன் முதல் கலத்தில் 32 டன் நீரை எழுப்புகிறது, 3 டன்னைப் பக்கவாட்டில் எடுத்தபின் இரண்டாம் கலத்தில் 29 டன், அங்கே பேன்களும் சூடேற்றியும் 20 டன் எடுத்துக்கொள்ள, மூன்றாம் கலத்தில் 9, பிறகு 6, கடைசிக் கலத்தில் 2 டன்னுக்கும் சற்றுக் குறைவு. அந்தக் கடைசி ஆவியும் கலவைச் சாற்றைச் சூடாக்கவே சரியாகிவிடுவதால், ஆவியாக்கியின் குளிர்விப்பானுக்கு ஏறத்தாழ எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய அமைப்பில் அதே இடத்தில் மணிக்கு 19.5 டன் ஆவி குளிர்நீரில் கரைந்துகொண்டிருந்தது. இதர 3 டன்னையும் சேர்த்தால் மொத்தம் 35 டன்.

இதற்குக் கொடுக்கும் விலை பரப்பளவு. 106 பாகை ஆவியில் பேன் ஓட வேண்டுமென்றால், பழைய பேன்களில் கொதிநேரம் நீண்டுவிடும். சர்க்கரைக் குழம்பின் உயரம் அதிகமாக உள்ள கலத்தில், அடிமட்டத்துக் குழம்பு தன் மேலுள்ள எடையின் அழுத்தத்தால் உயர்ந்த வெப்பநிலையில்தான் கொதிக்கும். ஆவிக்கும் குழம்புக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு அங்கே சுருங்கிவிடுகிறது. அதனால்தான் உயரம் குறைந்த, சூடாக்கும் பரப்பு கூடுதலான தொடர்முறைப் பேன்களோ, இயந்திரக் கலக்கி பொருத்திய பேன்களோ வேண்டியிருக்கிறது. மேல்முனையிலும் ஓர் எல்லை உண்டு: வெப்பநிலை உயர்ந்த கலத்தில் சாறு நெடுநேரம் தங்கினால் நிறம் ஏறும், சர்க்கரையும் சிதையும். மென்படலமாகச் சாறு வழிந்தோடும் ஆவியாக்கிகள் முதல் கலத்துக்கு விரும்பப்படுவதற்கு இந்தக் குறுகிய தங்குநேரமே முதன்மைக் காரணம்.

வெப்பம் மிஞ்சியது, மின்சாரம் குறைந்தது

54.5 சதவீதத்திலிருந்து 35 சதவீதம் என்பது அறிக்கையில் மிக அழகாகத் தெரியும். ஆனால் கொதிகலனையும் டர்பைனையும் தொடாமல் இதை மட்டும் செய்திருந்தால் நடப்பது வேறு. டர்பைன் பின்னழுத்த வகை. அதன் வழியே போகும் நீராவி முழுவதும் எக்ஸாஸ்ட்டாக வெளிவந்தே தீரும். சாறு கேட்பது 35 டன் என்றால் டர்பைன் வழியே போகக்கூடியதும் 35 டன்தான். அது தருவது 2.7 மெகாவாட். ஆலைக்கு வேண்டியது 3. சேமிப்பின் பலனாக ஆலை மின்பற்றாக்குறைக்கு ஆளாகிறது. மின்சாரத்துக்காகக் கூடுதல் நீராவியை டர்பைனில் விட்டு, தேவையற்ற எக்ஸாஸ்டைக் கூரைமேல் குழாய்வழி வெளியேற்றுவதோ, மின்வாரியத்திடம் வாங்குவதோதான் வழி.

இந்த நிலையிலும் சேமிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒரு டன் சக்கைக்கு 2.2 டன் நீராவி என்ற கணக்கில், மணிக்கு ஏறத்தாழ 9 டன் சக்கை எரியாமல் மிஞ்சுகிறது. சக்கைக்கு விலை தரும் வேறொருவர் அருகில் இருந்தால் அதுவே பெரும் வருவாய். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையையே கூழாக்கும் மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருளில் நீராவி தந்து, பதிலுக்குச் சக்கையைப் பெறும் ஏற்பாட்டை அது நடைமுறைப்படுத்தியது. அப்படிப்பட்ட ஆலையில் மிச்சப்படும் நீராவியின் மதிப்பு சக்கையில் கணக்கிடப்படும், யூனிட்டில் அன்று. ஆகவே எந்த ஆலையிலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மிஞ்சுவது எந்த வடிவில் வெளியே போகப்போகிறது என்பதைத்தான்.

அழுத்தத்தை உயர்த்தினால்

இப்போது 87 பார், 515 பாகை கொதிகலனையும், நடுவில் எக்ஸாஸ்டை எடுத்துக்கொண்டு மீதியைக் குளிர்விப்பானுக்கு அனுப்பும் டர்பைனையும் வைப்போம். இந்த நீராவி 2.5 பார்வரை விரியும்போது கிலோவுக்குச் சுமார் 690 கிலோஜூல், அதாவது டன்னுக்கு 191 யூனிட் தருகிறது. பழைய அமைப்பில் கிடைத்ததைப்போல் இரண்டரை மடங்கு. அதே நீராவி 0.1 பார் குளிர்விப்பான்வரை போனால் டன்னுக்கு ஏறத்தாழ 285 யூனிட். சக்கை முழுவதிலிருந்தும் மணிக்கு 65 டன் நீராவி எடுக்கலாம்.

சாற்றைச் சூடாக்கி, சுண்டவைத்து, படிகமாக்கும் பகுதியான கொதிவீட்டைப் பழையபடியே வைத்துக்கொண்டால், 54.5 டன் நடுவில் எடுக்கப்பட்டு, 10.5 டன் குளிர்விப்பானுக்குப் போகும்; மின்சாரம் 13.4 மெகாவாட். கொதிவீட்டையும் மாற்றினால், 35 டன் நடுவில், 30 டன் குளிர்விப்பானுக்கு; 15.2 மெகாவாட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1.8 மெகாவாட். பெரும்பாய்ச்சல் அழுத்தத்திலிருந்து வந்தது, மணிக்கு 19.5 டன் எக்ஸாஸ்டை மிச்சப்படுத்திய அத்தனை உழைப்பும் அதன்மேல் 1.8ஐத்தான் கூட்டியது. ஏனென்றால், மிச்சமான ஒவ்வொரு டன்னும் 191 யூனிட்டை ஏற்கெனவே தந்துவிட்டது. குளிர்விப்பான்வரை நீண்டால் மேலும் தருவது 94 யூனிட் மட்டுமே. அந்த 94 யூனிட்தான் எக்ஸாஸ்ட் டன்னின் உண்மையான வேலை விலை.

மிஞ்சிய சக்கையைச் சேமித்து அரவை இல்லாத மாதங்களில் எரிக்கலாமே என்ற கேள்வி வழக்கமாக எழும். எரிக்கலாம். இன்று ஒரு டன் நீராவியைக் குறைத்தால் 191 யூனிட் இழப்பு. பிறகு அதையே குளிர்விப்பான்வரை விரித்தால் 285 யூனிட் வரவு. நிகரம் அதே 94. சக்கை கெடாமல் இருந்தால் இது நேரத்தை மாற்றுமே தவிரக் கணக்கை மாற்றாது. மின்கட்டணம் எந்தப் பருவத்தில் உயர்வாக இருக்கிறதோ அதைப் பொறுத்த முடிவு அது. மொரீஷியஸின் பெல் வ்யூ நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து 82 பார் அழுத்தத்தில் அரவைப் பருவத்தில் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரித்து இயங்கியது, டர்பைனை ஆண்டு முழுவதும் சும்மா விடாமல் ஓட்டுவதற்காகவே.

இந்தக் கணக்கின் பின்னணியில் உள்ள கோட்பாட்டை, 1978இல் வெப்பப் பரிமாற்றி வலையமைப்புகளைப் பற்றி ஜே. ஆர். பிளவரோடு எழுதிய போடோ லின்ஹோஃப், 1983இல் டவுன்சென்டோடு சேர்ந்து டர்பைன்களுக்கும் வெப்ப ஏற்றிகளுக்கும் விரித்தார். ஒரு செயல்முறையில் வெப்பம் தேவைப்படும் பகுதியையும் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதியையும் பிரிக்கும் வெப்பநிலை எல்லையே பிஞ்ச். டர்பைன் தன் கழிவு நீராவியைப் பிஞ்சுக்கு மேலே செயல்முறைக்குக் கொடுத்தால், கூடுதலாகச் செலவிடும் வெப்பம் ஏறத்தாழ முழுவதும் வேலையாகிறது. கழிவைக் குளிர்விப்பானில் தள்ளும் டர்பைன், செயல்முறையோடு தொடர்பில்லாத தனி மின்நிலையம் போன்றதே. நமது ஆலையில் பிஞ்ச் கடைசிக் கலத்தின் அருகே, 55 பாகையை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே பேன்களின் ஆவி, மணிக்கு 16 டன் அளவில், வெறுமனே குளிர்கிறது. வெப்ப அளவில் 10 மெகாவாட்டுக்கும் மேல். ஆனால் அந்த வெப்பநிலையில் அதை ஏற்றுக்கொள்ளும் இடம் கலவைச் சாற்றின் முதல் பத்துப் பாகை தவிர வேறெதுவும் ஆலைக்குள் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பெரிய வீணாக இது இருப்பதாலேயே, இதை மீட்கச் சொல்லும் யோசனைகள் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலானவை தேறாது.

ஆவிக்கு ஆவி விலை

94 யூனிட் என்ற விலை தெரிந்துவிட்டால், ரில்லியூவின் விதி ஒவ்வொரு கலத்தின் ஆவிக்கும் விலை வைத்துவிடும். முதல் கல ஆவி ஒரு டன் எடுத்தால் 0.8 டன் எக்ஸாஸ்ட் கூடுதலாக வேண்டும். விலை 75 யூனிட். இரண்டாம் கலத்துக்கு 56, மூன்றாம் கலத்துக்கு 38, நான்காம் கலத்துக்கு 19, கடைசிக் கலத்துக்கு ஏதுமில்லை. பேன்களை எக்ஸாஸ்டிலிருந்து இரண்டாம் கல ஆவிக்கு மாற்றியதன் மதிப்பு 17 டன்னுக்கும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 640 யூனிட். புதிய பேனின் விலைப்புள்ளியை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். நீராவிச் சதவீதம் எத்தனை புள்ளி இறங்கியது என்பதோடு அன்று.

இதே விலையில் இம்பிபிஷன் நீரையும் பார்க்கலாம். அதை ஒரு டன் கூட்டினால் சக்கையோடு போகும் சர்க்கரை குறையும். ஆனால் அந்த நீரை மீண்டும் ஆவியாக்கியாக வேண்டும். பழைய கொதிவீட்டில் சூடாக்குவதையும் சேர்த்து அதற்கு 0.4 டன் நீராவி செலவானது. புதியதில் ஏறத்தாழ கால் டன். யூனிட்டில் சொன்னால் 25க்குள். நீராவியை மிச்சம் பிடிப்பதற்காக இம்பிபிஷனைக் குறைக்கும் பழக்கம் இந்த அமைப்பில் பொருளற்றது என்பது என் கருத்து.

எக்ஸாஸ்டின் அழுத்தத்துக்கும் விலை உண்டு. ஆவியாக்கிப் பரப்பைக் கூட்டி, 2.5 பாருக்குப் பதிலாக 2.0 பாரில் வேலை முடியுமானால், நடுவில் எடுக்கும் ஒவ்வொரு டன்னும் டர்பைனில் மேலும் 9 யூனிட் தரும். 35 டன்னுக்கு 0.3 மெகாவாட். எக்ஸாஸ்ட் வெப்பநிலையில் ஏழு பாகைதான் குறைகிறது. ஆனால் குழாய்களில் பக்கு படிந்து வெப்பப் பரிமாற்றம் மந்தமாகும் பருவக் கடைசியில் இந்த ஏழு பாகை கைவசம் இல்லாமல் போகும். துப்புரவுக்கு இடையிலான நாட்களைக் கணக்கில் கொள்ளாமல் வடிவமைத்த ஆவியாக்கி, காகிதத்தில் மட்டுமே 2.0 பாரில் ஓடும்.

முதல் கலத்தின் ஆவியை மின்விசை அழுத்தியால் மீண்டும் 2.5 பாருக்கு உயர்த்தி அதே கலத்துக்குத் திருப்பித் தரலாம் என்ற யோசனையையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு அழுத்த ஏற்றத்துக்கு டன்னுக்கு 30 யூனிட் அளவே செலவாகும் என்பதால், 94 யூனிட் மதிப்புள்ள எக்ஸாஸ்டை 30 யூனிட்டில் வாங்குவதாக முதலில் தோன்றும். ஆனால் அந்த ஒரு டன் ஆவி சும்மா இருக்கவில்லை; இரண்டாம் கலம் முதல் ஐந்தாம் கலம்வரை நான்கு முறை வேலை செய்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் மீதியை ஈடுகட்ட 0.8 டன் கூடுதல் நீராவி வேண்டும். நிகர மிச்சம் 0.2 டன். 19 யூனிட்டை மீட்க 30 யூனிட் செலவு. பாலைச் சுண்டவைக்கும் ஆலையில், நீராவிக்கென்றே எரிபொருள் வாங்கும் இடத்தில், இதே கருவி நல்ல முதலீடாக இருக்கலாம். தன் நீராவி டர்பைன் வழியே வந்து, ஐந்து கலங்களில் பயன்படும் சர்க்கரை ஆலையில் அதற்கு இடமில்லை.

ஓட்டத்தில் நழுவும் வேலை

வரைபடத்தில் சரியாக வந்த ஆலையிலும் வேலை நழுவும் ஓரிடம் உண்டு: உயரழுத்த நீராவியை நேரடியாக எக்ஸாஸ்ட் குழாய்க்குக் குறைத்துவிடும் அழுத்தக் குறைப்பு வால்வு. அதன் வழியே போகும் நீராவி வெப்பத்தில் ஒரு துளியும் இழப்பதில்லை. ஆகவே நீராவிச் சதவீதத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் டன்னுக்கு 191 யூனிட் அங்கே அழிகிறது. மணிக்கு 5 டன் அவ்வழியே போனால் ஏறத்தாழ ஒரு மெகாவாட். அரவை இயந்திரங்களைப் பழைய சிறு நீராவி டர்பைன்களிலேயே விட்டுவைத்து, அவற்றுக்காக 87 பாரிலிருந்து 22 பாருக்கு வால்வில் இறக்கித் தருவதும் இதே வகை இழப்புதான். அவற்றை மின்மோட்டாருக்கோ நீரியல் இயக்கத்துக்கோ மாற்றுவது, பலர் நினைப்பதுபோல் பராமரிப்பு வசதிக்கான செலவு மட்டும் அன்று.

வால்வு திறப்பதற்கான அன்றாடக் காரணம் பேன் தளத்தில் இருக்கிறது. தொகுதி முறைப் பேன்கள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் தொடங்கினால் இரண்டாம் கல ஆவியின் அழுத்தம் சரியும். ஆவியாக்கி அதை ஈடுகட்ட எக்ஸாஸ்டை இழுக்கும். டர்பைனின் நடு எடுப்பு அதன் எல்லையைத் தொடும். வால்வு தானாகத் திறக்கும். சில நிமிடங்களில் பேன்கள் நிலைக்கு வந்தபின் தேவை குறையும்போது, எக்ஸாஸ்ட் மிகுந்து கூரைக் குழாய் சீறும். ஒரு மணி நேரச் சராசரியில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே இத்தகைய ஆலையில் நான் முதலில் கேட்கும் பதிவேடு அந்த வால்வின் திறப்பு நிலையை நிமிடவாரியாகக் காட்டும் வரைபடம்தான். அதில் பற்கள்போல் ஏற்ற இறக்கம் தெரிந்தால், ஆறாவது கலம் வாங்குவதற்கு முன் பேன்களின் தொடக்க நேரங்களைத் தள்ளிவைத்து ஒழுங்குபடுத்த வேண்டும். அதற்கு முதலீடு ஏதும் தேவையில்லை. பேன் தளத்தில் இருப்பவருக்கும் டர்பைன் அறையில் இருப்பவருக்கும் இடையே ஒரு தொலைபேசி இணைப்பும், யார் சொல்லை யார் கேட்பது என்ற ஏற்பாடும் இருந்தால் போதும்.